மருந்தான அயடீனும் நஞ்சான அயடீனும்

அணு என்றதும் ஹிரோஷிமாவும் நாகசாகியுமே நம் மாணவர் நினைவில் எழுகின்றன. அதே அணு உயிர் காத்த வரலாற்றையும் நாம் அறிதல் வேண்டும்.

கழுத்தின் முன்புறத்துள்ள தைரொயிட் சுரப்பி, உணவிலுள்ள அயடீனைத் தேடித் தன்னகத்தே சேர்க்கும் இயல்புடையது. 1936-ம் ஆண்டில் பொஸ்டன் நகர வைத்தியர் சோல் ஹேர்ட்ஸ், அயடீனைக் கதிர்வீசச் செய்தல் இயலுமா எனப் பௌதிகவியலாளரிடம் வினவினார். 1938-ல் கலிபோர்ணியாவில் லிவிங்குட், சீபோர்க் ஆகிய இருவரும் அயடீன்-131 ஐ ஆக்கினர். எட்டு நாளில் அதன் கதிர்வீச்சு பாதியாகக் குறையும். 1941-ல் ஹேர்ட்ஸ், சுரப்பி மிகையாகத் தொழிற்பட்ட ஒரு நோயாளிக்குக் கதிர்வீச்சு அயடீனை அருந்தக் கொடுத்தார்.

1943-ல் நியூயோர்க் வைத்தியர் சீட்லின் சிகிச்சையளித்த நோயாளியின் நிலையோ விந்தையானது. சுரப்பி முன்னரே அகற்றப்பட்டிருந்தது. எனினும் மிகைத் தொழிற்பாட்டின் குறிகள் நீங்கவில்லை. உடலின் பல பாகங்களிலும் பரவியிருந்த புற்றுக் கலங்கள், தாம் பிறந்த சுரப்பியின் தொழிலை அங்கும் செய்துகொண்டிருந்தன. கதிர்வீச்சு அயடீனையும் அவை ஈர்த்துக்கொண்டன. சில மில்லிமீற்றருக்கு மேற் செல்லாத பீற்றாக் கதிர்கள் அக்கலங்களையே தாக்கின. எல்லாத் தைரொயிட் புற்றுகளும் அயடீனை ஏற்பதில்லை. ஏற்பவற்றுட் பலவற்றுக்குச் சத்திரசிகிச்சையின் பின் இன்றும் இம்மருந்து கொடுக்கப்படுகின்றது.

அணுகுண்டுத் திட்டத்துக்காக எழுந்த ஓக் றிட்ஜ் அணு உலையே 1946 முதல் வைத்தியசாலைகளுக்குக் கதிர்வீச்சு மூலகங்களை அனுப்பியது. நாகசாகியை எரித்த புளூற்றோனியத்தைக் கண்டறிந்தோருள்ளும் சீபோர்க் ஒருவர். ஒரே அறிவு, ஒரே கைகள்.

1954-ல் அமெரிக்கா மார்ஷல் தீவுகளில் வெடித்த குண்டின் சாம்பல் றொங்கெலப் மக்கள்மேற் படிந்தது. அங்கிருந்த சிறுவருட் பெரும்பாலோர்க்குப் பின்னாளில் தைரொயிட் கட்டிகள் தோன்றின. 1986-ல் சேர்ணோபில் உலை வெடித்தபோது சோவியத் அரசு செய்தியை மறைத்துக் காலந்தாழ்த்தியது. அயடீன் படிந்த புல்லைப் பசுக்கள் மேய்ந்தன. அவற்றின் பாலைக் குழந்தைகள் பருகினர். ஆயிரக்கணக்கானோர் தைரொயிட் புற்றுநோய்க்கு ஆளாயினர். அயலிலிருந்த போலந்தோ தன் சிறுவர்க்குச் சாதாரண அயடீனை விரைந்து வழங்கிற்று. அதனால் நிறைந்த சுரப்பி நஞ்சை ஏற்காது.

அயடீனுக்கு அறம் தெரியாது. அதை அறிந்திருக்க வேண்டியவன் மனிதன். மக்களிடமிருந்து உண்மையை மறைக்கும் அதிகாரம் எந்தக் கொடியின் கீழ் நின்றாலும் அதனைக் கண்டிப்பது நம் கடன். முதலாளித்துவத்தின் பாவத்தை எண்ணிக் காட்டிவிட்டுச் சேர்ணோபிலின் குழந்தைகளை நாம் மறப்போமாயின், நாம் பேசும் மனிதாபிமானத்துக்குப் பொருள் யாது?