கரிசல் காட்டில் எது நாட்டுச் செடி, எது சீமைச் செடி?

கோவில்பட்டியில் பஸ் ஏறி எட்டயபுரம் வழியாக விளாத்திகுளம் போகிறவர்களுக்கு ஜன்னலுக்கு வெளியே அதிகம் தெரிவது சீமைக்கருவேல்தான். கண்மாய்க்குள், ஓடைக்கரையில், தரிசாகப் போட்ட கரிசல் நிலத்தில்... எங்கும். இதைக் கொண்டு வந்தது யார் என்று கேட்டால் பாதிப் பேர் காமராஜர் என்பார்கள். மீதிப் பேர் வெள்ளைக்காரன் சதி என்பார்கள்.

பழைய அரசாங்கக் காகிதங்களில் வேறு கதை இருக்கிறது. 1876-ல், தாது வருஷப் பஞ்சம் ஆரம்பித்த அதே நேரத்தில், சென்னை மாகாண வனத்துறை அதிகாரி பெட்டோம், கடப்பைப் பக்கத்து வறண்ட நிலத்தில் நட இந்த மரத்தின் விதை வேண்டும் என்று எழுதினார். 1877-ல் ஜமைக்காவிலிருந்து விதை வந்தது. கமலாபுரத்தில் விதைத்தார்கள். காமராஜர் பிறந்ததோ 1903-ல். (பிற்காலத்தில் விறகுக்கும் வேலிக்கும் என்று அரசே இதைப் பரப்பியது உண்மை. கதை அங்கிருந்து கிளம்பியிருக்கலாம்.)

ஒரு கடிதம் பத்திரமாக இருந்ததால் இவ்வளவு தெரிகிறது. மற்ற செடிகளுக்கு? அதற்குத்தான் செடிக்கணக்கு எழுதியவர்கள் வேண்டும். ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், வாக்கர் ஆர்னாட்டுடன் சேர்ந்து 1834-ல் தென்னிந்தியத் தாவரங்கள் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். தென்மாவட்ட வறண்ட காடுகளில் குடை விரித்தது போல நிற்கும் உடை மரத்துக்கு அறிவியல் பெயர் வைத்தவர்கள் இவர்கள்தான். அதன்பின் வைட் பட்டாளத்து மருத்துவராகப் பாளையங்கோட்டையில் இருந்தார். 1838 முதல் 1853 வரை அவர் வெளியிட்ட பட நூலில் இரண்டாயிரத்துக்கும் மேல் படங்கள். பெரும்பகுதியை வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற நம்மூர் ஓவியர்கள். இவர்கள் பெயர் பாடப்புத்தகத்தில் வராதது அநியாயம்.

இங்கிலாந்தில் வாட்சன் என்பவர் 1852-ல் பிரிட்டனை 112 துண்டுகளாகப் பிரித்து, எந்தச் செடி எங்கே இருக்கிறது என்று பதியும் முறையை உண்டாக்கினார். நிர்வாக எல்லை எப்படி மாறினாலும் அந்தத் துண்டுகள் மாறாது. அதனால் அன்றைய கணக்கை இன்றைய கணக்கோடு ஒப்பிடலாம். இங்கே? இந்தியத் தாவரவியல் ஆய்வகம் தமிழ்நாட்டுத் தாவரப் பட்டியலின் முதல் தொகுதியை 1983-ல் வெளியிட்டபோது கோவில்பட்டி திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. 1986-ல் தூத்துக்குடி தனி மாவட்டமாகிவிட்டது. மாவட்டத்தை வைத்து எழுதும் கணக்கு இப்படித்தான் குழம்பும்.

ஆனால் மக்கள் தங்கள் பாணியில் ஒரு பதிவேடு வைத்திருக்கிறார்கள், பெயரில்! சீமைக்கருவேல், சீமை அகத்தி... 'சீமை' என்றாலே கடல் தாண்டி வந்தது. வேடிக்கை என்னவென்றால், இங்கேயே இருந்த கருவேல் இப்போது 'நாட்டுக் கருவேல்' ஆகிவிட்டது. வந்தது பெருகியதால் இருந்ததற்கு அடைமொழி தேவைப்பட்டிருக்கிறது. பெயரை முழுதாக நம்பவும் முடியாது. மருந்துச் சந்தையில் 'திருநெல்வேலி சென்னா' என்று விலைபோகும் நிலாவாரை அரேபியாப் பக்கத்துச் செடி.

சப்பாத்திக் கள்ளி அமெரிக்காவிலிருந்து வந்தது. அதன்மேல் வாழும் பூச்சியிலிருந்து சிவப்புச் சாயம் எடுக்கலாம் என்று கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஆசை. 1795-ல் பிரேசிலிலிருந்து பூச்சி வந்தது, நல்ல சாயம் தரும் பூச்சி அது இல்லை. கள்ளி மட்டும் காடாய்ப் பெருகியது. 1926-ல் இலங்கையிலிருந்து வேறொரு பூச்சியைக் கொண்டுவந்து விட்டபிறகே, சில வருஷங்களில் பெருமளவு காய்ந்து விழுந்தது.

சீமைக்கருவேலுக்கு அப்படி ஒரு பூச்சி இங்கே வரவில்லை. 2022-ல் தமிழக அரசு அந்நியத் தாவரங்களை அகற்றத் தனிக் கொள்கையே வெளியிட்டது. விளாத்திகுளம் பக்கம் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பங்களுக்கோ அதே மரம்தான் சோறு. அவர்கள் வெட்டுகிறார்கள், அடுத்த மழைக்குத் தூரிலிருந்து மறுபடி துளிர்க்கிறது.