புல்லட்டும் சோழவரமும்: ஹெட்டோடு மாறிய டைமிங்

சிலிண்டர் ஹெட்டை மாற்றிய எஞ்சினுக்குப் பழைய டைமிங், அதாவது பொறி விடும் நேரம், ஒத்துவராது. ஸ்பார்க் பிளக் பொறி விட்டதும் பெட்ரோல்-காற்றுக் கலவை ஒரே கணத்தில் எரிந்து முடிவதில்லை. பிளக்கில் பிறந்த தீ அறை முழுவதும் பரவ 2 மில்லி விநாடி ஆகிறதென்றால், நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும் கிராங்க் அதற்குள் 36 டிகிரி திரும்பிவிடும். பிஸ்டன் உச்சியைத் தாண்டி ஏறக்குறைய 15 டிகிரி இறங்கும்போது அழுத்தம் உச்சம் தொட்டால்தான் எஞ்சினின் முழு இழுவையும் கிடைக்கும். அதற்காக, பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே பொறி விடப்படுகிறது. இந்த முந்துதலே அட்வான்ஸ். அது மிஞ்சினால் கலவை தானாக வெடித்து எஞ்சின் 'நாக்' அடிக்கும். பிஸ்டன் தலையில் ஓட்டையே விழலாம். குறைந்தால் இழுவை போகும், சைலன்ஸர் கொதிக்கும். தீ பரவும் வேகமோ எரி அறையின் வடிவம், பிளக் இருக்கும் இடம், கலவையின் சுழற்சி, அழுத்த விகிதம் ஆகியவற்றைப் பொறுத்தது. இவற்றில் பெரும்பகுதி ஹெட்டில்தான் தீர்மானமாகிறது.

ஹெட்டுக்கும் பொறிக்கும் உள்ள இந்த உறவு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெளிவடைந்தது. 1902இல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்தில் காட்லோப் ஹோனோல்ட் உயர் மின்னழுத்த மேக்னெட்டோவை உருவாக்கினார். 1910 வாக்கில் அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங்கின் பாயின்ட்-காயில் முறை காடிலாக் கார்களில் ஏறியது. முதல் உலகப் போரை அடுத்து இங்கிலாந்தின் ஹாரி ரிக்கார்டோ, கலவையைக் கலக்கிச் சுழலவைக்கும் ஹெட்டை வடிவமைத்தார். தீ விரைந்து பரவியதால் குறைந்த அட்வான்ஸே போதுமானது, நாக்கிங்கும் அடங்கியது. நல்ல ஹெட் அதிக அட்வான்ஸ் கேட்கும் என்ற எண்ணம் இன்றும் சிலரிடம் உண்டு. உண்மை பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது.

தமிழ்நாட்டில் ஹெட்டுக்கேற்ப டைமிங் வைக்கும் கலை வேரூன்றியது புல்லட்டின் வழியாக. 1955இல் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. அங்கே தயாரான புல்லட்டுக்கு 70 மி.மீ. போர் (சிலிண்டர் விட்டம்), 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), 346 சிசி, 6.5:1 என்ற அடக்கமான அழுத்த விகிதம். போலீஸ்காரரும் பண்ணையாரும் வியாபாரியும் ஏறிய இந்த வண்டி, ஜி.எஸ்.டி. சாலை வழியே திண்டிவனம், விழுப்புரம் வரையிலும் அதற்கப்பாலும் பரவியது. அன்று தென்னாற்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்விரு ஊர்களின் பட்டறைகளுக்கும் உதிரிபாகச் சந்தை என்றால் சென்னையின் ஜி.பி. ரோடும் புதுப்பேட்டையும்தான்.

புல்லட்டில் டைமிங் வைப்பதற்குப் பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் ஒரு மெல்லிய கம்பியை விட்டு, கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் பிஸ்டனின் உச்சியைக் குறித்துக்கொள்வார்கள். பிறகு பிஸ்டனைச் சற்றுக் கீழே இறக்கி, பொறியைத் தூண்டும் தொடுமுனையான பாயின்ட் பிரியும் நேரத்தை அந்த இடத்துக்குப் பொருத்துவார்கள். பாயின்ட்டுகளுக்கு இடையே மெல்லிய காகிதத்தைச் செருகி மெல்ல இழுத்தால், அது நழுவும் கணமே பாயின்ட் பிரியும் கணம். பாயின்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வேகம் கூடும்போது அட்வான்ஸைக் கூட்டுவது சுழற்சியில் விலகும் எடைகளின் வேலை. இதில் ஒரு நுட்பமும் உண்டு. பாயின்ட்டின் கேம் கிராங்கின் பாதி வேகத்தில்தான் சுற்றுகிறது. ஆகவே அங்கே 1 டிகிரி பிசகினால் கிராங்கில் 2 டிகிரி பிசகும்.

இழுவை கூட வேண்டுமென்று முதலில் கைவைக்கப்பட்டதும் ஹெட்தான். ஹெட்டையோ சிலிண்டரின் மேல்விளிம்பையோ லேத்தில் கொடுத்து இழைத்தால் எரி அறை சுருங்கும். 6.5:1 விகிதத்தில் 346 சிசி புல்லட்டின் எரி அறை ஏறக்குறைய 63 சிசி. 70 மி.மீ. போரில் 1 மி.மீ. உயரத்தைக் குறைத்தால் 3.8 சிசி போய்விடும், விகிதம் 6.9ஐ நெருங்கும். அழுத்தம் கூடினால் கலவை சூடேறும், தீ வேகமெடுக்கும், பழைய அட்வான்ஸ் மிகையாகும். சாதாரண பெட்ரோலின் ஆக்டேன் எண் நெடுங்காலம் 90க்குக் கீழேயே இருந்ததால், இழைத்த ஹெட் ஏற்றத்தில் உடனே நாக் அடித்துக் காட்டிக்கொடுத்தது. மெக்கானிக் பாயின்ட் தட்டைச் சிறிது திருப்பிப் பொறியைத் தாமதப்படுத்துவார் (ரிட்டார்ட்), மறுபடி ஓட்டிப் பார்ப்பார், பிளக்கின் நிறத்தைக் கவனிப்பார்.

350 சிசி புல்லட்டின் கிராங்க்கேஸில் 500 சிசி புல்லட்டின் சிலிண்டரையும் ஹெட்டையும் பொருத்துவது வேறு வகை மாற்றம். ஸ்ட்ரோக் அதே 90 மி.மீ.; போர் மட்டும் 84 மி.மீ. தீ கடக்கவேண்டிய தூரம் கூடுவதால் சில வேளை அட்வான்ஸும் கூடுதலாக வேண்டியிருக்கும். பெரிய வால்வும் வேறு அழுத்த விகிதமும் கணக்கை இன்னும் மாற்றும்.

இந்தப் பரிசோதனைகளுக்கான பெரிய களம் சென்னைக்கு வடக்கே இருந்த சோழவரம். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் அது. 1953இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயங்களை நடத்தியது. வண்டலூர் அருகே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, பம்பாயின் ஃபியட் 1100 போன்ற சாதாரண கார்களும் திருத்தப்பட்டு அங்கு ஓடின. ஓடுதளத்தின் நீண்ட நேர்ப்பாதையில் ஐடிலிங் டைமிங்கைவிட, உச்ச வேகத்தில் நிற்கும் முழு அட்வான்ஸே முக்கியம். 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் ஏறத்தாழ 3.7 கி.மீ. நீளப் பந்தயப் பாதை திறந்தபோது நிலை மாறியது. வளைவுகள் மிகுந்த பாதையில், வளைவு விட்டு வெளியேறும் இடைவேகத்திலும் டைமிங் சரியாக அமைய வேண்டும். ஆக, ஒற்றைப் புள்ளியை வைப்பது போதாமல், வேகத்துக்கேற்ற அட்வான்ஸ் வரைகோடு முழுவதையும் அமைக்கும் வேலையாயிற்று.

பின்னர் எலக்ட்ரானிக்ஸ் பாயின்ட்டை அகற்றியது. 2001இல் வந்த புல்லட் எலக்ட்ரா சிடிஐ என்ற மின்னணு இக்னிஷனோடு வந்தது. 2008இன் தண்டர்பேர்டு ட்வின்ஸ்பார்க் ஒரே ஹெட்டில் இரண்டு பிளக் வைத்தது. தீ இரு முனைகளிலிருந்து பரவினால் எரியும் நேரம் குறையும், அட்வான்ஸும் குறையலாம். 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 நடைமுறைக்கு வந்தபோது புல்லட்டும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறியது; பொறி நேரத்தை இப்போது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியுவில் பதிந்த அட்டவணை முடிவுசெய்கிறது.

ஆனால் அந்த அட்டவணை கம்பெனி ஹெட்டுக்காக எழுதப்பட்டது. சந்தையில் வாங்கிய ஹெட்டைப் பொருத்துபவர் எரி அறையின் கொள்ளளவை அளந்து, குறைந்த அட்வான்ஸில் தொடங்கி, இழுவை கூடுவது நிற்கும் இடம்வரை சிறிது சிறிதாக ஏற்ற வேண்டும். நாக்கிங் முந்திக்கொண்டால் அங்கேயே நிறுத்திப் பின்வாங்க வேண்டும். காகிதத் துண்டின் இடத்தில் லேப்டாப் வந்திருக்கிறது. இந்த வரிசை மாறவில்லை.