வெள்ள எச்சரிக்கை: மழையைச் சொல்வது ஒரு துறை, ஆற்றைச் சொல்வது இன்னொரு துறை

மழைக்காலம் தொடங்கியதும் 'வஸ்பாடா' என்ற சொல் நம் கைப்பேசிகளில் அடிக்கடி வலம் வருகிறது. புலனக் குழுக்களில் ஒருவர் அனுப்ப, மற்றவர் பகிர, மாலைக்குள் அது தோட்டம் முழுவதும் சுற்றிவிடும். ஆனால் நம் நாட்டில் இச்சொல்லை இரண்டு அரசுத் துறைகள் இரண்டு வேறு பொருளில் பயன்படுத்துகின்றன. ஒன்று வானத்தைப் பற்றியது. மற்றொன்று ஆற்றைப் பற்றியது. எது எதைக் குறிக்கிறது, வீட்டைவிட்டு வெளியேறும் முடிவை எடுப்பவர் யார், அந்த முடிவு நம் வாசலை வந்தடையும் வழி எது என்பதை மழைக்கு முன்பே தெரிந்துவைத்திருக்கும் குடும்பத்துக்குக் கையில் சில மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும்.

எந்தக் காலத்தில் எங்கே மழை?

நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். கிளந்தான், திரங்கானு, பகாங், ஜொகூரின் கிழக்குப் பகுதி, சபா, சரவாக் ஆகியவற்றில் பெரும் வெள்ளம் ஏற்படுவது பெரும்பாலும் இக்காலத்தில்தான். நாள்கணக்கில் ஓயாமல் பெய்யும் மழையால் ஆறுகள் மெல்ல நிரம்பி, பிறகு கரையைக் கடக்கும்.

மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும். இது பொதுவாக வறண்ட காலம். இரண்டு பருவங்களுக்கும் இடைப்பட்ட மாதங்களில், குறிப்பாக ஏப்ரலிலும் அக்டோபரிலும், மேற்குக் கரை மாநிலங்களில் பிற்பகல் இடியுடன் கனமழை கொட்டும். சிலாங்கூர், கோலாலம்பூர், பேராக், பினாங்கு ஆகியவற்றின் நகர்ப்புறங்களில் திடீர் வெள்ளம் வருவது இப்படித்தான். ஓரிரு மணி நேரத்தில் ஏறி, சில மணி நேரத்தில் அது வடிந்துவிடும்.

இந்தக் கணக்கு எப்போதும் பொருந்துவதில்லை. 2021 டிசம்பர் நடுவில் உருவான தாழ்வு மண்டலம் தீபகற்பத்தைக் கடந்தபோது, அந்தப் பருவத்தில் வழக்கமாகத் தப்பித்துவிடும் சிலாங்கூரும் கோலாலம்பூரும் மூழ்கின. ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடாவில் வீட்டுக் கூரைகளில் மக்கள் காத்திருந்த காட்சிகளை நாம் மறக்கவில்லை.

வானத்தைப் பார்ப்பது மெட்மலேசியா

மலேசிய வானிலை ஆய்வுத் துறையான மெட்மலேசியா, ரேடார் நிலையங்கள், ஜப்பானின் ஹிமாவாரி செயற்கைக்கோள் படங்கள், நாடு முழுவதுமுள்ள மழைமானிகள் ஆகியவற்றைக் கொண்டு முன்னறிவிப்பு தருகிறது. அதன் எச்சரிக்கைகளில் முக்கியமானவை இரண்டு.

முதலாவது, இடியுடன் கூடிய மழைக்கான எச்சரிக்கை. மணிக்கு 20 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் அறிகுறி இருந்து, அது ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கக்கூடும் என்றால் இது வெளியிடப்படும். இது குறுகிய கால அறிவிப்பு. ஒரு வெளியீடு ஆறு மணி நேரத்துக்கு மேல் செல்லாது. நேற்றிரவு வந்த செய்தியை இன்று காலை பகிர்வதால் பயனில்லை, வீண் பதற்றம்தான் மிஞ்சும்.

இரண்டாவது, தொடர் கனமழை எச்சரிக்கை. இதற்கு மூன்று நிலைகள் உண்டு: வஸ்பாடா, புருக், பஹாயா. முறையே விழிப்பு, மோசம், அபாயம் என்று பொருள். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்கள் இவற்றைக் குறிக்கும். இவற்றை மெட்மலேசியாவின் இணையத்தளத்திலும் மைசுவாச்சா செயலியிலும் மாவட்ட வாரியாகப் பார்க்கலாம்.

மெட்மலேசியா சொல்வது மழை எவ்வளவு பெய்யும் என்பதைத்தான். உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வருமா என்பது அதன் வேலையல்ல.

ஆற்றைப் பார்ப்பது ஜேபிஎஸ்

ஆற்றின் நீர்மட்டத்தைக் கவனிப்பது வடிகால், நீர்ப்பாசனத் துறையான ஜேபிஎஸ். ஆறுகளின் முக்கிய இடங்களில் தானியங்கி அளவிகள் உள்ளன. அவை அனுப்பும் அளவுகளை 'பப்ளிக் இன்ஃபோபஞ்சிர்' என்ற இணையத்தளத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். மாநிலத்தைத் தேர்ந்தெடுத்தால் மாவட்டம், ஆறு, நிலையம் என வரிசையாக வரும்.

ஜேபிஎஸ் பயன்படுத்துவது நான்கு நிலைகள். நோர்மல் என்றால் கவலையில்லை. வஸ்பாடா என்றால் ஆறு வழக்கத்தைவிட நன்றாக ஏறியிருக்கிறது. அமாரான் என்றால் கரை தொடும் அளவை நெருங்கிவிட்டது. பஹாயா என்றால் வெள்ளம் ஏற்படும் மட்டம், மக்களை வெளியேற்றத் தொடங்கும் நிலை.

இங்கே நம்மில் பலர் ஒரு தவறான முடிவுக்கு வந்துவிடுகிறோம். பஹாயா என்பது வெள்ளத்தின் உச்சம் என்று நினைக்கிறோம். அது தொடக்கம் மட்டுமே. கிளந்தான் ஆற்றின் தங்கா கிராய் நிலையத்தில் அபாய அளவு 25 மீட்டர். 2014 டிசம்பர் வெள்ளத்தில் அங்கே நீர்மட்டம் 34 மீட்டரைத் தாண்டியது. அபாயக் கோட்டுக்கு மேல் ஏறக்குறைய மூன்று மாடி உயரம். அந்த வெள்ளத்தில் நாடு முழுவதும் 2 லட்சத்துக்கும் அதிகமானோர் வீடுகளைவிட்டு வெளியேறினர்.

எண்ணைவிட முக்கியமானது அது நகரும் திசை. அமாரான் நிலையில் இறங்கிக்கொண்டிருக்கும் ஆறு பெரிய கவலையில்லை. வஸ்பாடா நிலையில் மணிக்கு அரை மீட்டர் ஏறிக்கொண்டிருக்கும் ஆறு பெரிய கவலை. ஒரு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பார்த்தால் இது புரிந்துவிடும். உங்கள் இடத்துக்கு மேலே, ஆறு வரும் பக்கத்தில் உள்ள நிலையத்தையும் சேர்த்துப் பாருங்கள். அங்கே இப்போது ஏறும் தண்ணீர்தான் பிறகு உங்களிடம் வரும்.

மூன்றாவது கணக்கு: கடல்

கிள்ளான், கேரித் தீவு, கோல சிலாங்கூர், பாகான் டத்தோ, தெலுக் இந்தான் போன்ற தாழ்வான கரையோரப் பகுதிகளில் இருப்போர் கடல் பெருக்கு நேரத்தையும் பார்க்க வேண்டும். பெருக்கின்போது கடல்நீர் உள்ளே வராமல் இருக்க மதகுகள் மூடப்படும். அப்போது பெய்யும் மழைநீர் வெளியேற வழியின்றித் தேங்கும். மழையும் பெருக்கும் ஒரே நேரத்தில் அமைந்தால் சாதாரண மழைகூட வீட்டுக்குள் வரும்.

முடிவெடுப்பவர் யார்?

1971 ஜனவரியில் கோலாலம்பூர் மூழ்கிய பிறகுதான் வெள்ளத் தடுப்பு தேசிய அளவிலான பொறுப்பாக மாறியது. 1997இல் தேசியப் பாதுகாப்பு மன்றம் வெளியிட்ட 20ஆம் எண் ஆணை, பேரிடர் நிர்வாகத்தை மூன்று படிகளாக வகுத்தது. 2014 வெள்ளத்துக்குப் பின், 2015இல் பிரதமர் துறையின்கீழ் தேசியப் பேரிடர் நிர்வாக நிறுவனமான நட்மா அமைக்கப்பட்டு ஒருங்கிணைப்புப் பொறுப்பை ஏற்றது. மூன்று படிகள் என்ற அடிப்படை மட்டும் தொடர்கிறது.

முதல் படி மாவட்டம். மாவட்ட அதிகாரி தலைமையிலான குழு நிவாரண மையத்தைத் திறக்கும், படகையும் லாரியையும் அனுப்பும். இரண்டாவது படி மாநிலம். ஒரு மாவட்டத்தால் சமாளிக்க முடியாதபோது, அல்லது பல மாவட்டங்கள் பாதிக்கப்படும்போது மாநிலக் குழு பொறுப்பேற்கும். மூன்றாவது படி மத்திய அரசு. துணைப் பிரதமர் தலைமையிலான மத்தியக் குழுவும் நட்மாவும் இராணுவம் உட்பட எல்லாப் படைகளையும் ஒருங்கிணைக்கும்.

களத்தில் போலீஸ், தீயணைப்பு மீட்புத் துறையான பொம்பா, பொதுத் தற்காப்புப் படையான ஏபிஎம், சமூக நலத் துறையான ஜேகேஎம், சுகாதாரத் துறை ஆகியவை தத்தம் பணியைச் செய்யும். மின்சாரத்தைத் துண்டிப்பது டிஎன்பி. நமக்கு முக்கியமானது இதுதான்: வெள்ளத்தின் முதல் சில மணி நேரம் மாவட்டத்தின் கையில் இருக்கிறது. புத்ராஜெயாவிலிருந்து யாரும் நம் கதவைத் தட்டப்போவதில்லை.

2021 காட்டிய இடைவெளி

2021 டிசம்பரில் மழை எச்சரிக்கை இருந்தது. ஆற்று அளவிகளும் இருந்தன. ஆனால் ஒரு மாதத்தில் பெய்ய வேண்டிய மழை ஒரே நாளில் கொட்டியபோது, எண்களுக்கும் வீட்டு வாசலுக்கும் இடையே இருந்த சங்கிலி அறுந்தது. பல குடியிருப்புகளில் அரசுப் படகுகளுக்கு முன்பே தன்னார்வலர்களின் படகுகள் வந்து சேர்ந்தன. அப்போதைய பிரதமர் இஸ்மாயில் சப்ரி யாக்கோப் குறைபாடுகள் இருந்ததை ஒப்புக்கொண்டார். அந்தப் பருவ வெள்ளத்தால் நாட்டுக்கு ஏற்பட்ட இழப்பு 610 கோடி ரிங்கிட் எனப் புள்ளிவிவரத் துறை பின்னர் மதிப்பிட்டது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

அதன்பின் ஜேபிஎஸ் முன்னறிவிப்புத் திட்டம் விரிவாக்கப்பட்டு வருகிறது. இத்திட்டம் உள்ள ஆற்றுப் படுகைகளில் வெள்ள எச்சரிக்கையை இரண்டு நாள் முன்னதாகவே தர முடியும். கருவிகள் மேம்படுகின்றன. ஆனால் கடைசிக் கண்ணி, அதாவது மாவட்டக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து நம் லயத்துக்கு வரும் தகவல், இன்றும் மனிதர்களைத்தான் நம்பியிருக்கிறது.

தோட்டத்தில் இருப்பவர்களுக்கு

நகரத் தாமான்களில் அபாயச் சங்கு ஒலித்தால் எல்லாருக்கும் கேட்கும். தோட்டத்தின் நிலை வேறு. செம்பனைக் காட்டுக்குள் இருக்கும் லயத்துக்கு ஒரே ஒரு மண்சாலைதான் வழி. வீட்டுக்குத் தண்ணீர் வருவதற்கு முன்பே பாலமோ தாழ்வான சாலையோ மூழ்கிவிடும். எனவே தோட்ட மக்கள் தங்கள் வீட்டு வாசலை வைத்து முடிவெடுக்கக் கூடாது, சாலையை வைத்து முடிவெடுக்க வேண்டும். முதலில் மூழ்கும் இடம் எது என்பது பழைய தொழிலாளர்களுக்குத் தெரியும். அவர்களிடம் கேட்டு வையுங்கள்.

மாவட்ட அலுவலகம் தகவல் அனுப்புவது முக்கிம், பெங்ஹுலு, கிராம நிர்வாகக் குழு வழியாக. தோட்டம் தனியார் நிலம் என்பதால் இந்த வரிசையில் விடுபட்டுப்போக வாய்ப்புண்டு. நிர்வாகியின் அலுவலகத்துக்கு வரும் அழைப்பு, கிராணி, மண்டோர் வழியாக லயத்தை அடைய வேண்டும். விடுமுறை நாள் இரவில் அந்த அழைப்பை எடுப்பவர் யார் என்பதை நிர்வாகத்திடம் இப்போதே கேட்பது நியாயமான கேள்வி. சிலாங்கூரில் இந்திய சமூகத் தலைவர்கள் இருக்கும் பகுதிகளில் அவர்களின் எண்ணும் உங்களிடம் இருக்கட்டும். படுக்கையில் உள்ள முதியோர், டயாலிசிஸ் செய்வோர், நிறைமாதக் கர்ப்பிணிகள் பெயரை முன்கூட்டியே கொடுத்து வைத்தால் முதல் வாகனம் அவர்களுக்காக வரும்.

பிபிஎஸ் பதிவும் உதவித்தொகையும்

தற்காலிக நிவாரண மையமான பிபிஎஸ் பெரும்பாலும் பள்ளியிலோ பாலாய்ராயாவிலோ திறக்கப்படும். எந்த மையம் திறந்துள்ளது என்பதை ஜேகேஎம் துறையின் இன்ஃபோபென்சானா தளத்தில் பார்க்கலாம். அங்கே போனதும் முதல் வேலை குடும்பத்தின் பெயரைப் பதிவது. உணவு, படுக்கை முதல் பின்னர் வரும் உதவிவரை எல்லாம் அந்தப் பதிவை ஒட்டியே நடக்கும்.

வெள்ளத்தில் பாதிக்கப்பட்ட குடும்பத் தலைவருக்கு அரசு வழங்கும் பந்துவான் வாங் இஹ்சான் உதவித்தொகை 1,000 ரிங்கிட். நம்மவர்கள் பலர் உறவினர் வீட்டிலோ கோயில் மண்டபத்திலோ தங்கிவிடுவதுண்டு. அப்படித் தங்கினாலும் மாவட்ட அலுவலகத்திலோ ஜேகேஎம் அதிகாரியிடமோ உடனே தெரிவியுங்கள். யாருக்குத் தகுதி என்ற விதிமுறை அந்தந்த வெள்ளத்தின்போது அறிவிக்கப்படும். வீட்டில் தண்ணீர் நின்ற உயரத்தையும் சேதமான பொருள்களையும் கழுவுவதற்கு முன்பே படமெடுத்து வைத்தால் சான்றாக உதவும்.

எப்போது என்ன செய்வது?

மழைக்கான வஸ்பாடா வந்தால்: கைப்பேசி, பவர் பேங்க் முழுமையாகச் சார்ஜ் ஆகட்டும். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், மருந்து, வங்கி அட்டை ஆகியவற்றை ஒரே பிளாஸ்டிக் பையில் போடுங்கள். வாகனத்துக்கு எண்ணெய் நிரப்புங்கள்.

ஆற்றின் வஸ்பாடா வந்தால்: நீர்மட்டம் ஏறுகிறதா என ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பாருங்கள். காரையும் மோட்டாரையும் மேட்டுக்குக் கொண்டு செல்லுங்கள். முதியோரையும் குழந்தைகளையும் பகலிலேயே அனுப்பிவிடுங்கள்.

ஆற்றின் அமாரான் வந்தால்: தோட்டத்திலும் தாழ்வான பகுதியிலும் இருப்போர் கிளம்ப வேண்டிய நேரம் இது. மின்சார மெயின் சுவிட்சை அடைத்து, எரிவாயுத் தோம்பை மூடிவிட்டுப் புறப்படுங்கள். உத்தரவு வரட்டும் எனக் காத்திருக்க வேண்டாம்.

பஹாயா வந்தால்: இன்னும் வீட்டில் இருந்தால் உயரமான இடத்துக்குப் போய் 999ஐ அழையுங்கள். ஊர்ப் பெயர், தோட்டத்தின் பிரிவு, லயத்தின் எண், எத்தனை பேர் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். முழங்காலுக்குக் கீழே ஓடும் நீரே ஆளை வீழ்த்தும். இரண்டடி நீர் காரைத் தூக்கிச் செல்லும். அதில் இறங்க வேண்டாம்.

தண்ணீர் வடிந்த பிறகு, நனைந்த வயரிங்கைச் சரிபார்க்காமல் சுவிட்ச் போடாதீர்கள். சேற்றைக் கழுவும்போது பூட்ஸும் கையுறையும் அணியுங்கள். எலியின் சிறுநீர் கலந்த வெள்ளநீரால் லெப்டோஸ்பைரோசிஸ் காய்ச்சல் வரும். அடுத்த சில வாரங்களில் காய்ச்சலோ தசைவலியோ வந்தால் கிளினிக்கில் வெள்ளநீரில் நின்றதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

உங்கள் ஆற்றின் பெயர், அருகிலுள்ள ஜேபிஎஸ் நிலையத்தின் பெயர், மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண், எந்தப் பள்ளி பிபிஎஸ் ஆகும் என்பது. இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி, நவம்பருக்கு முன்பே வீட்டுக் கதவின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள். இணையம் பார்க்கத் தெரியாத பக்கத்து வீட்டுப் பாட்டிக்கும் ஒரு தாள் எழுதிக் கொடுங்கள்.