மாதிரிப் படகு: வானொலிக் கட்டுப்பாடு

உண்மைப் படகு ஒன்றை அளவில் சுருக்கிக் கட்டி, மின்மோட்டாரும் சுக்கானும் பொருத்தி, கரையில் நின்றபடியே வானொலி அலையால் ஓட்டும் சிறுகலம் வானொலிக் கட்டுப்பாட்டு மாதிரிப் படகு எனப்படும். பேச்சு வழக்கில் ‘ரிமோட் படகு’, ‘ஆர்.சி. போட்’. விளக்கு, மோட்டார், வண்ணம் ஆகிய மூன்றையும் மேல்தளத்தை ஒட்டி மூடுவதற்கு முன்பே திட்டமிட்டுவிடுவது இக்கலையின் அடிப்படை. மூடிய பின் அறுத்துத் திறந்தால் நீர் புக வழியாகும்.

தொடக்கம்

படகைச் சுருக்கிச் செய்யும் வழக்கம் மிகப் பழையது. எகிப்திய மன்னர் துட்டன்காமனின் கல்லறையில் 35 மாதிரிப் படகுகள் கிடைத்தன. அவை மறுமைப் பயணத்துக்காக வைக்கப்பட்டவை. மாதிரியை அறிவியல் கருவியாக்கியவர் ஆங்கிலேயப் பொறியாளர் வில்லியம் ஃப்ரூட். ‘ஸ்வான்’, ‘ரேவன்’ என்ற இரு மாதிரி வடிவங்களை 1867-இல் டார்ட் ஆற்றில் இழுத்துப் பார்த்து, சிறுகலம் காட்டும் நீர்த்தடையிலிருந்து பெருங்கலத்தின் தடையைக் கணிக்கும் விதியை வகுத்தார். சென்னை ஐ.ஐ.டி.யின் கடல்சார் பொறியியல் துறையிலும் விசாகப்பட்டினத்திலுள்ள கடற்படை அறிவியல் தொழில்நுட்ப ஆய்வகத்திலும் நடக்கும் மாதிரிச் சோதனைகளுக்கு அதுவே அடித்தளம்.

மோட்டாருக்கு முந்தியது ‘டப்டப் படகு’. தாமஸ் பியோ என்ற பிரெஞ்சுக்காரர் 1891-இல் இதற்கு இங்கிலாந்தில் காப்புரிமை கோரினார். பின்பக்கம் திறந்த இரு குழாய்களும் ஒரு சிறு கொதிகலமும்தான் இதன் எந்திரம். குழாயில் நீர் நிரப்பி, அடியில் சிறு சுடரை ஏற்றினால் நீராவி நீரைப் பின்னுக்குத் தள்ளும். ஆவி குளிர்ந்ததும் நீர் மீண்டும் உள்ளே ஏறும். இந்த மூச்சிரைப்பின் ஓசையே பெயராயிற்று. தமிழ்நாட்டுத் திருவிழாக் கடைகளில், தண்ணீர் நிரப்பிய அகன்ற தட்டில் வட்டமடிக்கும் தகரப் படகு இதுதான். திசை திருப்ப வேண்டுமானால் கையை விட்டுத்தான் திருப்ப வேண்டும்.

வானொலியின் வருகை

கை படாமல் படகைத் திருப்பிக் காட்டியவர் நிக்கோலா டெஸ்லா. 1898-இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், நீர்த்தொட்டி ஒன்றில் இரும்புப் படகை மிதக்கவிட்டு வானொலி அலையால் ஓட்டினார். மின்கலம், மோட்டார், உந்துவிசிறி, சுக்கான், விளக்குகள் எல்லாம் அதில் இருந்தன. 64-இன் கனமூலம் என்ன என்று கேட்கப்பட்டபோது படகின் விளக்குகள் 4 முறை மின்னின. பதில் சொன்னது படகல்ல, பொறியை இயக்கிய டெஸ்லாவே. அதே ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் 6,13,809 என்ற எண்ணில் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது.

பொழுதுபோக்காக இது பரவியது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. தொடக்கக் கருவிகளில் ஒரே ஒரு பொத்தான்தான் இருக்கும்: ஒரு முறை அழுத்தினால் ஒரு பக்கம், இரு முறை அழுத்தினால் மறுபக்கம். சுக்கானைத் திருப்பும் விசையை முறுக்கிய ரப்பர் வளையம் தரும். டிரான்சிஸ்டர் வந்ததும் கருவி சிறுத்தது. குச்சியை நகர்த்தும் அளவுக்கே சுக்கான் திரும்பும் சர்வோ வந்தது. மாதிரிக் கப்பல் விளையாட்டின் உலக அமைப்பான ‘நவிகா’ 1959-இல் உருவானது. 27 மெகாஹெர்ட்ஸில் இயங்கிய காலத்தில், ஒரே அலைவரிசையில் இருவர் ஓட்டினால் ஒருவர் படகு மற்றவர் சொல் கேட்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் அந்தத் தொல்லையைத் தீர்த்தன. இந்தியாவில் தேசிய மாணவர் படையின் கடற்படைப் பிரிவு கப்பல் மாதிரி செய்வதைப் பயிற்சியாகவும் நவ்சைனிக் முகாம்களில் போட்டியாகவும் வைத்திருக்கிறது.

தேனி, கம்பம் பள்ளத்தாக்கின் பின்னணி

இத்தகைய படகை ஓட்டத் தேனி மாவட்டத்துக்குக் கடற்கரை இல்லை, ஆனால் நீர்நிலைக்குக் குறைவில்லை. பென்னிகுவிக் கட்டிய முல்லைப் பெரியாறு அணை 1895-இல் பயனுக்கு வந்து, மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால் தேக்கடி ஏரியை உண்டாக்கியது. அந்த நீர் மலையைக் குடைந்த வழியாக இறங்கிக் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வயல்களை நனைத்து வைகையில் சேர்கிறது. ஆண்டிபட்டிக்கு அருகே வைகை அணை 1959-இல் திறக்கப்பட்டது. அதன் முழுக் கொள்ளளவு மட்டம் 71 அடி.

சிறு படகுக்கு ஏற்றது ஓட்டமில்லாத கண்மாயும் குளமுமே. பதினெட்டாம் கால்வாய் போன்ற ஓடுநீரில் விட்டால் படகின் வேகத்தை நீரின் வேகம் விழுங்கிவிடும். கண்மாயின் எதிரி ஆகாயத்தாமரை. அதன் வேர் விசிறியில் சுற்றினால் மோட்டார் நின்று சூடேறும். ஆனி, ஆடி மாதங்களில் கணவாய் வழியே இறங்கும் காற்று, மேற்கட்டு உயர்ந்த படகைச் சாய்த்துவிடும்.

மரமும் உள்ளூரில் உண்டு. போடிநாயக்கனூர் இலவம்பஞ்சு வணிகத்துக்குப் பெயர்பெற்றது. மாதிரி செய்வோர் உலகெங்கும் விரும்பும் பால்சாவும் இலவமும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இலவமரம் பால்சா அளவுக்கு லேசானது இல்லை. ஆனால் மென்மையாகச் செதுக்கவரும். நீரை ஏற்காத அதன் பஞ்சை அடைத்தே ஒரு காலத்தில் உயிர்காப்பு உடைகள் தைக்கப்பட்டன. இன்று மாதிரிப் படகின் மூக்கிலும் வாலிலும் தெர்மோகோல் துண்டு அடைக்கிறார்கள். கவிழ்ந்தாலும் படகு மூழ்காமல் இருக்க அது உதவும்.

எடைக் கணக்கு

நீளத்தைச் சுருக்கினால் எடை அதைவிடப் பல மடங்கு சுருங்கும். 25 மீட்டர் நீளமும் 50 டன் எடையும் உள்ள படகை 50-இல் ஒரு பங்காக்கினால் நீளம் 50 செ.மீ., எடை வெறும் 400 கிராம். உடல், மோட்டார், மின்கலம், விளக்கு, வண்ணம் அனைத்தும் இந்த 400 கிராமுக்குள் அடங்க வேண்டும். அதே படகை 25-இல் ஒரு பங்காகக் கட்டினால் 3.2 கிலோ கிடைக்கும். புதியவர்களுக்குப் பெரிய மாதிரி எளிது என்பது இதனால்தான். ஃப்ரூட் விதிப்படி வேகம் அளவின் வர்க்கமூலத்தில் குறையும்: மணிக்கு 20 கி.மீ. ஓடும் படகின் 50-இல் ஒரு பங்கு மாதிரி 2.8 கி.மீ. ஓடினாலே அசல் போல் தெரியும்.

எடை எவ்வளவு என்பதோடு எங்கே என்பதும் முக்கியம். 2009 செப்டம்பர் 30-ஆம் நாள் தேக்கடி ஏரியில் ‘ஜலகன்யகா’ என்ற இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். பயணிகள் ஒரு பக்கமாகத் திரண்டதும் படகின் சமநிலையும் அதன் பின் பெரிதும் பேசப்பட்டன. மேலே பாரம் ஏறினால் சாய்ந்த கலம் நிமிராது. மாதிரிக்கும் விதி அதுவே. மோட்டாரும் மின்கலமும் அடித்தளத்தில் நடுக்கோட்டில் படுக்க வேண்டும். உச்சியில் வருவது ஈர்க்குச்சி போல் லேசாக இருக்க வேண்டும்.

மோட்டார்

மெதுவாகச் செல்லும் பயணப் படகுக்கும் மீன்பிடிப் படகுக்கும் பிரஷ் மோட்டார் போதும். பந்தயப் படகுக்கு பிரஷ்லெஸ் மோட்டாரும் லித்தியம் மின்கலமும் பயன்படுகின்றன. மோட்டாரின் அச்சும் விசிறித் தண்டும் ஒரே நேர்கோட்டில் அமையாவிட்டால் படகு அதிரும், மின்கலம் சீக்கிரம் தீரும். கடைச்சரக்கு இணைப்பி இல்லாதபோது சைக்கிள் வால்வ் டியூப் துண்டு இரண்டையும் இணைக்கும். சிறு கோணப் பிசகை அந்த ரப்பர் தாங்கிக்கொள்ளும். தண்டு வெளியேறும் குழாய்க்குள் கிரீஸ் நிரப்புவது நீரைத் தடுப்பதற்காக.

விளக்கு

நீராவிக் கப்பல்கள் மோதிக்கொள்ளாமலிருக்க 1848-இல் பிரிட்டன் பக்கவிளக்குகளைக் கட்டாயமாக்கியது. இன்றைய உலக விதி 1972-ஆம் ஆண்டு உடன்படிக்கை. அதன்படி இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, ஒவ்வொன்றும் 112.5 பாகைக்கு, பாய்மரத்தில் வெள்ளை 225 பாகைக்கு, பின்புறம் வெள்ளை 135 பாகைக்கு. பின்விளக்கும் பாய்மர விளக்கும் சேர்ந்தால் சரியாக 360. மாலையில் ஓட்டுபவருக்கு இது அலங்காரம் மட்டுமல்ல. சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிந்தால் படகு கரையை நோக்கி வருகிறது என்று பொருள்.

மாதிரியில் இவற்றை எல்.இ.டி. விளக்குகள் செய்கின்றன. 7.4 வோல்ட் மின்கலம் முழுதாக ஏறியிருக்கையில் 8.4 வோல்ட் காட்டும். சிவப்பு எல்.இ.டி. சுமார் 2 வோல்ட்டும் வெள்ளை சுமார் 3 வோல்ட்டும் எடுக்கும். 20 மில்லியாம்பியருக்குக் கணக்கிட்டால் சிவப்புக்கு 330 ஓம், வெள்ளைக்கு 270 ஓம் மின்தடை வேண்டும். கம்பிகள் பாய்மரத்துக்குள் நுழையுமாறு, ஒட்டுவதற்கு முன்பே அதைக் குழாயாகச் செய்துகொள்வது வழக்கம். பக்கவிளக்கின் உட்புறத்தைக் கறுப்பாக்காவிட்டால் ஒளி மரத்தினூடே கசிந்து படகே சிவக்கும்.

வண்ணம்

மரத்துக்கு முதலில் சீலர், பிறகு பட்டி, பிரைமர், கடைசியில் நிறம். ஒவ்வொரு பூச்சுக்கும் இடையே வாட்டர் பேப்பரால் நனைத்துத் தேய்க்க வேண்டும். எனாமல் பூச்சின் மேல் லாக்கர் அடித்தால் அடிப்பூச்சு சுருங்கி எழும். இரண்டும் ஒரே வகையாக இருப்பது நல்லது. சாரல் விழும் நாளில் லாக்கர் அடித்தால் ஈரம் சேர்ந்து வெள்ளை பூக்கும். காற்றடிக்கும் மாதத்தில் திறந்தவெளியில் அடித்தால் தூசி ஒட்டும். நீருக்குக் கீழே செம்பழுப்பு தீட்டுவது பாசியும் சிப்பியும் ஒட்டாமல் பெருங்கப்பல்களுக்குப் பூசப்பட்ட தாமிர ஆக்சைடின் நிறத்தைப் பின்பற்றியது.

அந்தச் செம்பழுப்பும் மேல்நிறமும் சந்திக்கும் கோடு நீர்க்கோடு. வரைபடத்தில் கணித்து அதைத் தீட்டுவதுண்டு. அனுபவமுள்ளவர்கள் மோட்டார், மின்கலம், விளக்கு எல்லாவற்றையும் உள்ளே வைத்து, வண்ணமில்லாத படகை ஒரு தொட்டி நீரில் மிதக்கவிட்டு, நனைந்த இடத்தில் பென்சிலால் குறித்துக்கொள்வார்கள். முடிந்த படகு குளத்தில் இறங்கும்போது கோடு முழுவதும் நீர்மட்டத்தை ஒட்டி ஒரே சீராகத் தெரிந்தால் எடைக்கணக்கு சரி. ஒரு பக்கம் மறைந்து மறுபக்கம் உயர்ந்தால், மின்கலத்தை நகர்த்தும் வேலை பாக்கி.