பிரிக்பீல்ட்ஸ்: குவார்ட்டர்ஸ் மக்கள் எழுப்பிய ஊர்

கோலாலம்பூரில் 1881ஆம் ஆண்டில் முதலில் தீயும் பின்னர் வெள்ளமும் வந்து, அத்தாப்புக் கூரையும் மரச்சுவருமாய் இருந்த கடைவீதிகளை அழித்தன. மறு ஆண்டு சிலாங்கூரின் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்ஹாம், இனிச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டடங்கள் எழவேண்டுமென வற்புறுத்தினார். சீனர் தலைவரான கப்பித்தான் யாப் ஆ லோய் செங்கற் சூளைகளை அமைத்தார். அச்சூளைகள் இருந்த களிமண் நிலமே பிரிக்பீல்ட்ஸ். இன்று இந்தியர் ஊர் என்று அறியப்படும் பகுதிக்கு இப்பெயர் வந்த வரலாறு இது. நம் இளைஞருள் பலர் இதனை அறியார்.

நம்மவரை அங்குக் கொணர்ந்தது இரயில். 1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் நோக்கிப் பாதை திறக்கப்பட்டது. ஆங்கிலக் கல்வி பெற்ற யாழ்ப்பாணத் தமிழர் எழுத்தர்களாகவும் நிலைய அதிபர்களாகவும் வந்தனர். தமிழகத்தார் தண்டவாளத்திலும் பட்டறையிலும் உழைத்தனர். தெலுங்கரும் மலையாளிகளும் சிங்களவரும் உடன் வந்தனர். இவர்களுக்கென எழுந்தவையே ரொசாரியோ சாலை, சான் ஆ தோங் சாலைப் பக்கத்து ‘நூறு குவார்ட்டர்ஸ்’ உள்ளிட்ட வரிசை வீடுகள்.

அரசுப் பணியில் இருப்பவர்க்கு ஒன்று எளிதில் விளங்கும். குவார்ட்டர்ஸ் என்பது பதவியோடு வருவது, பதவியோடு போவது. ஓய்வு பெற்றால் சாவியை ஒப்படைத்தாக வேண்டும். முப்பது ஆண்டு வாழ்ந்த முற்றமும் நமதன்று. ஆகவே நிலையாக எதையேனும் நிறுவ விரும்பியோர் வீட்டை விடுத்துப் பொதுவிடத்தையே நாடினர் என்பது என் கணிப்பு. சிங்களப் பௌத்தர் 1894இல் சங்கம் கூட்டி மகா விகாரையை உருவாக்கினர். 1904இல் விவேகானந்தா ஆசிரமம் எழுந்தது. இலங்கைச் சைவர் ஸ்கோட் சாலையில் கந்தசுவாமிக்குக் கோயில் எடுத்தனர். தமிழ் லூத்தரன் சபையாரின் சீயோன் ஆலயமும் சூராவும் சீனக் கோயிலும் ஒன்றிற்கொன்று நடைதூரத்தில் அமைந்தன. சம்பளத்தில் ஒரு பகுதி இவற்றிற்குச் சென்றது.

மற்றொரு பகுதி கடைகளுக்கு. மளிகை, பூ, துணி, நகை, வாழையிலைச் சாப்பாடு என யாவும் சம்பள நாளை நம்பியே நடந்தன. ‘555’ என்று அட்டையில் அச்சிட்ட கைக்கடக்கமான கடன் புத்தகத்தை நம் பெற்றோர் மறந்திரார். வாங்குபவர் எந்த வீட்டார் என்று கடைக்காரர் அறிவார், அதுவே பிணை.

2001இல் பழைய இரயில் முற்றத்தில் கேஎல் சென்ட்ரல் திறக்கப்பட்டது. 2010 அக்டோபர் 27 அன்று மலேசிய, இந்தியப் பிரதமர்கள் இப்பகுதியை ‘லிட்டில் இந்தியா’ எனத் தொடக்கி வைத்தனர். 2015இல் இந்தியாவின் அன்பளிப்பான தோரண வாயிலும் வந்தது. அதே பத்தாண்டில் நூறு குவார்ட்டர்ஸ் இடிக்கப்பட்டது. வளைவுகள் எழுந்தன, வாடிக்கையாளர் வாழ்ந்த வீடுகள் மறைந்தன. 2014இல் விவேகானந்தா ஆசிரம வளாகத்தில் அடுக்குமாடி எழும் என்ற செய்தி வந்தபோது மக்கள் திரண்டு எதிர்த்ததன் காரணம் இதனால் விளங்கும். அவர்களுக்கு எஞ்சியிருந்தவை அத்தகைய இடங்களே.

குவார்ட்டர்ஸில் வாழ்ந்த முதியோர் இன்று பூச்சோங்கிலும் கிள்ளானிலும் பிள்ளைகளோடு இருக்கின்றனர். அவர்களிடம் பழைய நன்கொடை இரசீதும் உபயப் பட்டியலும் திருவிழாப் படமும் இருக்கக்கூடும். திருவிழாவிற்கு வருகையில் அவற்றை உடன் கொணர்ந்தால், நிர்வாகத்தினர் படியெடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தரலாம்.