காப்புக் கயிறும் கடுக்காயும்: மூலிகைக் கல்வி எங்கே தொடங்குகிறது?

காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசிக்குப் போகும் சாலை செவிலிமேட்டில் பாலாற்றைக் கடக்கிறது. மழை நின்ற சில வாரங்களில் அங்கே கரையோரமாக நடப்பவர் காலில் குப்பைமேனியும் கீழாநெல்லியும் மிதிபடும். வேட்டி விளிம்பில் நாயுருவி விதை ஒட்டிக்கொள்ளும். இந்தச் செடிகளில் பலவற்றுக்கு இரண்டு பயன் சொல்வார்கள். நாயுருவி மூலநோய்க்கு மருந்து. அதன் வேர் வசியத்துக்கும் உதவும் என்பது நம்பிக்கை. எருக்கம்பால் காலில் தைத்த முள்ளின் மேல் வைக்கப்படும். வெள்ளெருக்கில் வடக்கு நோக்கி ஓடிய வேர் பிள்ளையார் உருவாகிப் பூசையறைக்குப் போகும்.

மூலிகையைப் புதிதாகக் கற்க வருபவர் இந்த இரண்டில் எதைப் பிடித்துக்கொள்வது? மாந்திரிகம் முழுவதும் மூடநம்பிக்கை என்று தள்ளுபவர்கள் ஒருபுறம், எல்லாம் சித்தர் வாக்கு என்று வணங்குபவர்கள் மறுபுறம். இருவருமே முதல் பாடத்தைத் தவறவிடுகிறார்கள் என்பது இக்கட்டுரையின் வாதம். செடியை ஐயமின்றி இனங்காண்பதே அந்தப் பாடம். மருந்துக்கும் மந்திரத்துக்கும் அது பொது. அந்தப் பாடத்தில் தவறினால் வரும் விளைவுதான் வேறு.

இதற்கான பழைய சான்று செவிலிமேட்டுக்குக் கீழே, அதே பாலாற்றங்கரையில் இருக்கிறது. செய்யாறும் வேகவதியும் பாலாற்றோடு சேரும் திருமுக்கூடலில், வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழனின் 11-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு உள்ளது. கோயிலைச் சார்ந்து நடந்த கல்விக்கூடம், மாணவர் விடுதி ஆகியவற்றோடு 15 படுக்கைகள் கொண்ட ஓர் ஆதுலர்சாலையையும், அதாவது மருத்துவமனையையும், அது விவரிக்கிறது. மருத்துவர் ஒருவர், அறுவை மருத்துவர் ஒருவர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் இருவர் என்று பணியாளர் பட்டியல் நீள்கிறது. அதில் மூலிகை கொண்டுவந்து மருந்து தயாரிக்கவும் இருவர்! செடி பறிப்பது கூலிக்கு யாரையும் அனுப்பிச் செய்யக்கூடிய வேலையாக அங்கே கருதப்படவில்லை. அதற்கென்று ஆளும் ஊதியமும் இருந்தன. ஆண்டுக்குச் சேமித்து வைக்க வேண்டிய ஏறத்தாழ இருபது மருந்துகளின் பெயர்களும் கல்லில் உள்ளன. கடுக்காய் சேர்ந்தவை அவற்றில் பல. கோயிலைச் சார்ந்து இயங்கிய மருத்துவமனைதான். ஆனாலும் அந்தப் பட்டியல் சரக்கின் பெயரைச் சொல்கிறது, மந்திரத்தைச் சொல்லவில்லை.

அப்படியானால் காப்புக் கட்டுதல் எதற்கு? மூலிகை எடுக்கப் போகிறவர் செடிக்கு மஞ்சள் தடவிய நூலைக் கட்டி, பொங்கலிட்டு, சாபநிவர்த்தி மந்திரம் சொல்லி, குறித்த நாளில் வேர் அறாமல் தோண்ட வேண்டும் என்கிறது மரபு. செடியின் உயிர் அதைவிட்டு நீங்காதிருக்க வேண்டும் என்பதே அந்த வேண்டுதலின் சாரம். சடங்கின் அருளைப் பற்றி ஆய்வுக் கட்டுரை தீர்ப்புச் சொல்ல முடியாது. சடங்கு கற்பவரிடம் செய்யும் வேலையைச் சொல்லலாம். போகிற போக்கில் கைக்கு எட்டியதைப் பிடுங்க அது விடுவதில்லை. ஒரே செடியிடம் திரும்பி வரவைக்கிறது, இலையையும் பூவையும் வேரையும் நின்று பார்க்கவைக்கிறது. தாவரவியல் மாணவருக்கும் இதைவிட நல்ல பழக்கம் வேண்டியதில்லை.

ஆனால் சடங்குக்கு ஓர் எல்லை உண்டு. கருடக்கொடி என்றும் ஈசுவரமூலி என்றும் வழங்கும் கொடியை எடுத்துக்கொள்வோம். வீட்டில் வளர்த்தால் பாம்பு அண்டாது என்பார்கள். கடிபட்டவருக்கு வேரை அரைத்துக் கொடுக்கும் வழக்கமும் இருந்தது. இதுவும் ஆடுதின்னாப்பாளையும் ஒரே பேரினம். இந்தப் பேரினச் செடிகளில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைச் சிதைக்கும். புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள்களின் வரிசையில் அது சேர்க்கப்பட்டுள்ளது. 1990-களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரில் உடல் மெலிவதற்காகச் சீன மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. ஒன்றுபோல் ஒலிக்கும் சீனப் பெயர்களால் ஒரு வேருக்குப் பதில் இந்தப் பேரினத்தின் வேர் மருந்தில் கலந்திருந்தது. தவறான கொடியை வீட்டில் வளர்த்தவருக்கு நட்டமில்லை. தவறான வேரைக் குடித்தவருக்கு மீட்சியில்லை.

கீழாநெல்லியின் கதையும் இங்கே பொருந்தும். சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க்கும் பங்கேற்ற ஆய்வை 1988-இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமந்தவர்களில், கீழாநெல்லி எடுத்துக்கொண்ட 37 பேரில் 22 பேரிடம் கிருமியின் மேற்பரப்புப் புரதம் மறைந்தது. வெற்று மாத்திரை பெற்ற 23 பேரில் ஒருவரிடம் மட்டுமே மறைந்தது. பிறகு வேறு இடங்களில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் தெளிவாகக் கிடைக்கவில்லை. எந்த இனம், எந்த மண், எந்தப் பருவத்தில் பறித்தது என்ற கேள்விகள் அப்போது எழுந்தன. காப்புக் கட்டியவரின் பழைய கேள்விகளே அவை.

பாம்புக்கடிக்குத் திரும்பினால், அதில் இந்த மண்ணின் இருளர்கள் காட்டும் வழி குறிப்பிடத்தக்கது. பச்சிலை அறிவில் அவர்களை மிஞ்சுவோர் இங்கே அரிது. ஆனாலும் 1978-இல் வடநெம்மேலியில் தொடங்கிய அவர்களது கூட்டுறவுச் சங்கம் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் நஞ்சை எடுத்து, முறிமருந்து செய்பவர்களுக்குக் கொடுத்துவருகிறது. மரபறிவு சுருங்கிவிடவில்லை; எது எங்கே உதவும் என்ற தெளிவு அதில் கூடியிருக்கிறது.

சித்த மருத்துவக் கல்லூரிகளில் படிக்கும் குணபாடம் செடியின் வேறு பெயர்களையும் பயன்படும் உறுப்பையும் சொல்லிவிட்டுத்தான் சுவை, தன்மை, செய்கை என்று போகிறது. வசியம் முதலான மாந்திரிகச் செயல்களைச் சொல்லும் அட்டகர்ம நூல்களின் இன்றைய மலிவுப் பதிப்புகளில் இந்த ஒழுங்கு இல்லை. ஊமத்தையும் குன்றிமணியும் நஞ்சென்ற எச்சரிக்கைகூட இல்லாமல் அவை கைமாறுகின்றன. பதிப்பாசிரியர்கள் அந்த நூல்களை ஒதுக்கிவிட வேண்டாம். மூலிகை ஒவ்வொன்றுக்கும் தாவரவியல் பெயர், வட்டார வழக்கு, நஞ்சுக் குறிப்பு மூன்றையும் சேர்த்துப் பதிப்பிக்க முன்வர வேண்டும்.