பிள்ளைகளின் தூக்கமும் பம்பாய் மில் சங்கும்

ஊரிலிருந்து மும்பைக்கு வரும் பெரியவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "என்னப்பா, மணி பதினொன்னாச்சு, பிள்ளைங்க இன்னும் முழிச்சிட்டு இருக்கு?" அடுத்து டிவி, செல்போன், அம்மா கொடுக்கும் செல்லம் என்று காரணங்கள் வரிசையாக வரும்.

எனக்கு வங்கி உத்தியோகம். எந்தச் செலவைப் பார்த்தாலும் அதை யார் கணக்கில் எழுத வேண்டும் என்று பார்ப்பது தொழில் புத்தி. பிள்ளைகளின் தூக்கக் குறைவைப் பிள்ளைகள் கணக்கில் எழுதுவது சரியா? இந்த ஊரின் சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தால், வேறு யார் கணக்கிலோ போக வேண்டியது என்றுதான் தோன்றுகிறது.

பம்பாயின் முதல் பஞ்சாலைக் கம்பெனியை கவாஸ்ஜி நானாபாய் தாவர் என்ற பார்சிக்காரர் 1854-இல் தொடங்கினார். அடுத்த சில பத்தாண்டுகளில் பரேல், லால்பாக் பக்கமெல்லாம் புகைபோக்கிகள். அப்போது வேலை நேரம் என்பது சூரியன் கணக்கு. விடிந்தால் ஆரம்பம், இருட்டினால் முடிவு. சிறுவர்களும் வேலைக்குப் போனார்கள். 1881-இல் வந்த முதல் தொழிற்சாலைச் சட்டம், 7 வயதுக்குக் கீழே யாரையும் சேர்க்கக் கூடாது, 7 முதல் 12 வரை உள்ளவர்களுக்கு 9 மணி நேரம்தான் வேலை என்றது. கவனியுங்கள், இது சலுகை! 1891-இல் குறைந்தபட்ச வயது 9 ஆனது, சிறுவர்களின் வேலை நேரம் 7 மணி ஆனது.

இதற்கு நடுவே 1884-இல் நாராயண் மேகாஜி லோகண்டே தலைமையில் தொழிலாளர்கள் கூடி, சுமார் 5,500 பேர் சார்பில் ஒரு மனு கொடுத்தார்கள். வாரத்தில் ஒருநாள் விடுமுறை, மத்தியானம் அரை மணி ஓய்வு, காலை ஆறரைக்கு முன் வேலை ஆரம்பிக்கக் கூடாது, இருட்டினால் நிறுத்த வேண்டும். கேட்டதில் முக்கியமானது ஓய்வுதான். ஞாயிறு விடுமுறை கிடைக்க 1890 வரை ஆனது.

பிறகு வந்தது கரண்ட் விளக்கு. 1905 வாக்கில் மில்களில் அது பரவியதும் இருட்டினால் வேலை நிற்கும் என்ற நிலை போயிற்று. சில மில்கள் தினமும் 14, 15 மணி நேரம் ஓடின. அப்பா ராத்திரி எட்டரைக்கு மேல் வந்து, அதன்பின் சாப்பாடு, மறுபடி விடியுமுன் எழுந்து ஓட்டம் என்றால் வீட்டுப் பிள்ளை எப்போது தூங்கியிருக்கும்? கமிட்டி, கமிஷன் எல்லாம் வைத்து 1911 சட்டத்தில்தான் ஆண்களுக்கு 12 மணி, சிறுவர்களுக்கு 6 மணி என்று நெசவு ஆலைகளுக்கு வரம்பு போட்டார்கள். இந்த 6 மணி நேர வரம்பிலும் ஓட்டை. ஒரே பையன் காலையில் ஒரு மில், மாலையில் வேறு மில். இதைத் தடுக்க 1926 திருத்தம் வந்தது. தண்டனை யாருக்கு என்றால், பிள்ளையை அனுப்பிய பெற்றோருக்கு! வறுமைக்கும் பெற்றோர் கணக்கில்தான் பற்று.

அடுத்தது இடம். 1921-22 விசாரணைப்படி பம்பாய்த் தொழிலாளர் குடும்பங்களில் 97 சதவீதம் ஒற்றை அறை வீடுகளில் இருந்தன. ஒரு அறையில் ஆறு முதல் ஒன்பது பேர்கூட. அதே சமயம் அரசாங்கம் வொர்லி, நாய்காவ், டிலைல் ரோடு, சிவ்ரி ஆகிய இடங்களில் 207 பி.டி.டி. சால்கள் கட்டியது. அங்கேயும் ஒரு குடும்பத்துக்கு 160 சதுர அடி. சமைப்பது, துவைப்பது, படிப்பது, தூங்குவது எல்லாம் அதற்குள். ஆண்கள் வராண்டாவிலும் தெருவிலும் படுப்பார்கள். மழைக்காலத்தில் எல்லோரும் உள்ளே. ராத்திரி ஷிஃப்ட் ஆள் பகலில் தூங்கினால் பிள்ளைகள் சத்தம் போடக் கூடாது. அவர் கிளம்பினால்தான் பாய் விரிக்க இடம்.

இதெல்லாம் பெரிய பிள்ளைகள் கதை. கைக்குழந்தைகளின் கதைதான் என்னை உலுக்கியது. மில்லில் வேலை செய்யும் பெண்களின் பிரசவ நிலைமை பற்றி டாக்டர் பார்ன்ஸ் என்ற பெண் மருத்துவர் 1922-இல் அறிக்கை கொடுத்தார். அந்தப் பெண்களின் குழந்தைகளில் 98 சதவீதத்துக்கு அபின் கொடுக்கப்பட்டது என்றது அது. 'பால கோலி' என்று குழந்தை மாத்திரையாகவே கடையில் கிடைத்தது. அம்மா பகல் முழுக்க மில்லில். பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, பால் கொடுக்க நேரமில்லை. குழந்தை அழாமல் கிடக்க வேண்டும். அபின் பசியையும் மந்தமாக்கும். "நல்லா தூங்குது" என்று நினைத்த குழந்தை உள்ளுக்குள் வாடிக்கொண்டிருந்தது. இங்கிலாந்து ஆலை நகரங்களிலும் முன்பு இதே வேலைக்கு காட்ஃப்ரேஸ் கார்டியல் என்ற அபின் கலந்த மருந்து இருந்தது. தேசம் வேறானாலும் காரணம் ஒன்றுதான்.

இதைச் சரிசெய்தது தாய்மார்களுக்குச் சொன்ன புத்திமதி மட்டுமல்ல. 1929-இல் பம்பாய் மாகாணத்தில் பிரசவ உதவிச் சட்டம் வந்தது. சட்டசபையில் அதை ஆதரித்துப் பேசியவர்களில் அம்பேத்கரும் ஒருவர். 1948 தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்றது, 50 பெண்களுக்கு மேல் வேலை செய்தால் குழந்தைக் காப்பகம் கட்டாயம் என்றது. பெரியவர்களின் வேலை நேரமும் வசதியும் மாறியபோதுதான் பிள்ளைகளின் தூக்கமும் மாற வழி பிறந்தது.

1982 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு மில்கள் ஒவ்வொன்றாக மூடின. அந்த இடங்களில் இப்போது மால்களும் ஆபீஸ்களும். சங்கு ஊதுவது நின்றது, ஆனால் ராத்திரி ஷிஃப்ட் கால் சென்டராகத் திரும்பி வந்தது. கல்யாண், டோம்பிவிலியிலிருந்து லோக்கலில் போய்வரும் நம் குடும்பங்களில் அப்பா வீடு சேர ஒன்பது, ஒன்பதரை. பிள்ளை முகம் பார்க்க வேண்டுமென்றால் அது முழித்திருக்கத்தானே வேண்டும்?

2023 டிசம்பரில் அப்போதைய ஆளுநர் ரமேஷ் பைஸ், குழந்தைகள் நேரம் கழித்துத் தூங்குவதால் பள்ளி நேரத்தைத் தள்ளி வைக்கலாம் என்றார். 2024 பிப்ரவரியில், நான்காம் வகுப்பு வரை ஒன்பது மணிக்கு முன் ஆரம்பிக்க வேண்டாம் என்று மகாராஷ்டிர அரசு உத்தரவு போட்டது. இரண்டு ஷிஃப்ட் நடத்தும் பள்ளிகளும் பஸ்காரர்களும் முணுமுணுத்தார்கள். என்றாலும் குழந்தையைத் திட்டாமல் கடிகாரத்தைத் திருத்தியது எனக்குப் பிடித்திருந்தது. 2025 ஆகஸ்டில் வொர்லி பி.டி.டி. சாலில் 556 குடும்பங்களுக்கு 500 சதுர அடி வீட்டுச் சாவி கிடைத்தது. நூறு வருடம் கழித்துப் பாய் விரிக்க இடம்!

நமக்கு ஒரு வார்த்தை. நம் பிள்ளை காலையில் அரை மணி கூடுதலாகத் தூங்குவதற்காக, வேலைக்கு வரும் பாயியை ஆறு மணிக்கே வரச் சொல்கிறோம். அவள் பிள்ளைகள் அப்போது எத்தனை மணிக்கு எழுந்திருக்கும்? அந்தச் செலவு யார் கணக்கில் ஏறுகிறது என்று கொஞ்சம் யோசித்துவிட்டு நேரம் சொல்லலாமே.